ஏலத்தில் இல்லாத மீன்

ராத்திரி ஒன்றரைக்குக் கடை சாத்திவிட்டு
ஐந்தரைக்கு எங்களை எழுப்புகிறான் தவசி.
அவன் படுக்கவே இல்லை என்று
கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது.
கேரிபேக்கில் மிஞ்சிய பரோட்டா மாவு,
எண்ணெய் கசிந்து, கோலிக்குண்டு கோலிக்குண்டாய்.
"மீனுக்கும் நம்ம கடைச் சரக்குதான்."

ஒரே வண்டியில் நாலு பேர்.
டேங்கின் மேல் சஞ்சித்,
நடுவில் லக்சிதா,
கடைசியில் நான், தூண்டில் கம்பு இரண்டையும்
வேல் மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு.
பழங்காநத்தத்தில் போலீஸ்காரர் பார்த்தார்.
எண்ணினார்.
கம்பைப் பார்த்ததும்
சிரிப்பை மீசைக்குள் போட்டுக்கொண்டு
டீக்கடைப் பக்கம் திரும்பிவிட்டார்.

மாடக்குளம் இந்த வருஷம் மறுகால் போகிறது.
பசுமலை தலைகீழாய் இறங்கி
தண்ணீரில் கிடக்கிறது.
கரையெல்லாம் காட்டாமணக்கு,
ஒரு பெயின்ட் வாளி,
யாரோ கழற்றி எறிந்த துளசி மாலை.

தவசி தங்கூசியை அவிழ்த்தான்.
தக்கைக்கு என் பழைய நீலச் செருப்பில்
குதிகாலை அறுத்திருந்தான்.
என் எடையில் தேய்ந்த பள்ளம்
மிதக்கையில் எனக்கு மட்டும் தெரிகிறது.
நாளைக்கு நானூறு பரோட்டா வீசுகிற கை,
முள்ளை வீசியபோது
தண்ணீர்கூடச் சத்தம் போடவில்லை.
"சால்னா வேணாமாப்பா அதுக்கு?" என்றான் சஞ்சித்.

"பத்து நிமிஷம்" என்று சாய்ந்தவன்
வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனான்.
லக்சிதா துண்டை எடுத்து முகத்தில் போட்டாள்.
"ஈ போயிரும்மா."

எனக்குத் தையல் ஊசி தெரியும்.
தூண்டில் தெரியாது.
தெரியாமலே மூன்று ஜிலேபி.
உள்ளங்கை அகலம், முதுகெல்லாம் முள்.
"வலிக்குமாம்மா அதுக்கு?"
தெரியலடா என்றேன்.
அவன் வாளியில் மாவைக் கிள்ளிப் போட்டான்.
சாப்பிட்டால் வலிக்கவில்லை என்று அர்த்தமாம்.
ஒன்றுகூடச் சாப்பிடவில்லை.

எக்ஸ்எல் வண்டியில் வந்து நின்றார்
குத்தகைக்காரரின் ஆள்.
"யாரக் கேட்டு..." என்று ஆரம்பித்தவர்
துண்டுக்குள் குறட்டையைக் கேட்டுக்
குரலைத் தணித்துக்கொண்டார்.
"கட்லா, ரோகு ஏலத்து மீனு.
மாட்டுனா விட்டுரணும்.
ஜிலேபின்னா உங்க பாடு."

புகை அடங்குமுன்
குதிகால் காணாமல் போனது.
அமுங்கவில்லை. ஒரே இழுப்பு.
மூன்று பேரும் கம்பைப் பிடித்தோம்.
கறுப்பாய், கைத்தண்டி,
பாம்புத் தலையோடு மேலே வந்து
எங்களைப் பார்த்தது.
"விரா" என்றாள் லக்சிதா, மூச்சுக்குள்.
"அம்மா, அவர் சொன்ன லிஸ்ட்லயே இது இல்ல."

நியாயம்தானே என்று யோசிக்கும்போதே
சஞ்சித் கையை நீட்டினான்.
அது வந்த இடத்தில்
துருப்பிடித்த மாதிரி தண்ணீர் சிவந்து
கொத்தாய் நெளிந்தது.
விரால் பார்ப்பு.
ஆயிரம் இருக்கும், நகத்துண்டு நகத்துண்டாய்.

தங்கூசி அறுந்ததா,
நான் பிடியைத் தளர்த்தினேனா,
இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.
என் குதிகால் மட்டும்
நீரைக் கிழித்துக்கொண்டு போய்
காட்டாமணக்குக்குள் நுழைந்தது.
சஞ்சித் மிச்ச மாவையெல்லாம்
அந்தச் சிவப்பின் மேல் எறிந்தான்.

"என்ன மாட்டுச்சு?" என்று எழுந்தான் தவசி.
"மூணு ஜிலேபி" என்றோம்,
மூன்று பேரும் ஒரே நேரத்தில்,
கொஞ்சம் சத்தமாகவே.

குழம்பு கொதிக்கும்போது
முள் எடுத்து ஊட்டியதை
சஞ்சித் வாங்கிக்கொண்டான், இரண்டு வாய்.
பிறகு சோறு போதும் என்றான்.

வியாழக்கிழமை தவசி
கட்டிலுக்கடியில் தலையை விட்டுக் கேட்கிறான்:
"அந்த நீலச் செருப்புக்கு
இன்னொரு கால் எங்க வச்ச?"
லக்சிதா என்னைப் பார்க்கிறாள்.
நான் பாபின் மாற்றுகிறேன்.